காவல் நாயின் உடம்பில் கட்டி: கண்டும் காணாமல் இருக்கலாமா?

பசுவின் மடியில் சற்றே வீக்கம் கண்டால் விவசாயி அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவதில்லை. மடிநோயாக இருக்குமோ என்று பாலைப் பீய்ச்சிப் பார்க்கிறார். பொழுது விடிந்ததும் கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறார். உழவு மாட்டின் கொம்பு ஒரு புறமாகச் சாய்ந்து, அது அடிக்கடி தலையை உதறி, மூக்கில் இரத்தம் கலந்த நீர் வடித்தால், கொம்புப் புற்றாக இருக்கலாம் என்று அனுபவமுள்ள விவசாயிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அதே தொழுவத்தின் வாசலில் இரவு முழுவதும் விழித்துக் கிடக்கும் நாயின் மடியில் கட்டி இருந்தால், அதைத் தொட்டுப் பார்ப்பவர் அரிது. கட்டி உடைந்து, ஈ மொய்த்து, புழு வைத்த பிறகுதான் நாயின் பக்கம் பார்வை திரும்புகிறது. அப்போது மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நாய் பால் தருவதில்லை; ஏர் இழுப்பதில்லை; சந்தையில் விலை போவதுமில்லை. எனவே அதைக் கால்நடைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இந்தக் கணக்கு தவறானது. மணப்பாறை, துறையூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களையும், லால்குடி, திருவரங்கம் பகுதிகளில் வாழைத் தோட்டத்தில் மோட்டார் கொட்டகை வைத்திருப்பவர்களையும் கேட்டால் நாயின் அருமை தெரியும். ஓர் இரவு நாய் குரைக்காமல் போனால் பட்டியில் எத்தனை ஆடு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் காவல் நீடிக்க வேண்டுமானால் நாயின் உடம்பையும் மாதம் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும். சிறு விவசாயிக்கு இதில் செலவு ஏதும் இல்லை.

தில்லை நகரும் தோட்டத்துக் கொட்டகையும்

திருச்சி தில்லை நகர் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன பகுதி. முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், தம் உடம்பில் சிறு கட்டி என்றாலும் சாஸ்திரி ரோட்டுப் பக்கம் வந்து காட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். 'கட்டியைக் காலம் கடத்தக் கூடாது' என்ற பாடம் மனிதர் விஷயத்தில் கிராமம் வரை எட்டிவிட்டது. நாயின் விஷயத்தில் மட்டும் அது எட்டவில்லை.

ஒரே தாய் ஈன்ற இரண்டு இராஜபாளையம் குட்டிகளில் ஒன்று தில்லை நகர் வீட்டுக்கும் மற்றொன்று தோட்டத்துக் கொட்டகைக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். நகரத்து நாயைத் தினமும் யாராவது தடவிக் கொடுக்கிறார்கள். கடலைப் பருப்பு அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் போகிறார்கள். தோட்டத்து நாய்க்குச் சோறு வைக்கப்படுகிறது; பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது; ஆனால் அதன் மேல் கை படுவதில்லை. அதன் கட்டி தேங்காய் அளவாகும்போதுதான் கண்ணில் படுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணத்தால் மட்டும் வந்ததன்று. கை வைத்துப் பார்க்கும் பழக்கமே பெரும்பாலான வேறுபாட்டுக்குக் காரணம்.

நாட்டு நாய்க்கு நோயே வராதா?

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாய் இனங்கள். இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இவை நம் வெயிலுக்கும் தீனிக்கும் பழகியவை. அயல்நாட்டு இனங்களைவிடக் குறைந்த பராமரிப்பில் வாழக்கூடியவை. இதிலிருந்து 'நாட்டு நாய்க்கு நோயே வராது' என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். அது சரியன்று. புற்று என்பது உடம்பின் சொந்த அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது. அது இனம் பார்த்து விலகிப் போவதில்லை. வயது ஏற ஏற எல்லா நாய்க்கும் அதன் ஆபத்து கூடுகிறது.

மேலும், நல்ல சாதி நாய் வேண்டும் என்பதற்காகச் சில பெட்டைகளையும் சில கடுவன்களையும் மட்டும் வைத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பது உண்டு. இதனால் குறையும் சேர்ந்தே குட்டிக்கு இறங்குகிறது. வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளில் காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த செய்தியே. அயல்நாடுகளில் பெர்னீஸ் மலைநாய் இனத்தில் ஒரு வகைத் திசுப் புற்றும், ஸ்காட்டிஷ் மான்வேட்டை நாய் இனத்தில் எலும்புப் புற்றும் குடும்ப வழியில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அந்த நிலை நம் இனங்களுக்கும் வந்துவிடாமல் காப்பது வளர்ப்போர் கையில் இருக்கிறது.

இணை சேர்க்கையால் பரவும் புற்று

கிராமத்து நாய்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிறப்புறுப்பில் தோன்றும் தொற்றுப் புற்று ஆகும். பெரும்பாலான புற்றுகள் ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்குத் தொற்றுவதில்லை. இது விதிவிலக்கு. இணை சேரும்போது புற்றணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு நாற்று நட்டதுபோல் ஊன்றிக்கொள்கின்றன. 1876ஆம் ஆண்டிலேயே நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஒரே ஒரு நாயிடம் தோன்றிய கட்டிதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது என்று 2019இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. நாய்கள் அவிழ்த்து விடப்பட்டுத் திரியும் ஊர்களில்தான் இந்நோய் அதிகம்.

இதன் முதல் அடையாளம் சொட்டுச் சொட்டாக வடியும் இரத்தம். பெட்டை நாயானால் பருவத்திற்கு வந்திருக்கிறது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஏமாற்றம் நேர்கிறது. நாய் பருவத்திற்கு வருவது ஏறத்தாழ ஆறு, ஏழு மாதங்களுக்கு ஒருமுறை. பருவக்காலம் முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய மூன்று வாரம். அதற்கு மேலும் இரத்தம் வடிந்தாலோ, பருவமில்லாத காலத்தில் வடிந்தாலோ, அது பருவமன்று. கட்டியாக இருக்கலாம், கருப்பையில் சீழ் வைத்திருக்கவும் கூடும். இரண்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கடுவன் நாயில் குறியின் உறைக்குள் காலிபிளவர் போன்ற சிவந்த தசை வளர்ந்து இரத்தம் கசியும்; நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்கும். நக்குவதாலும் முகர்வதாலும் மூக்கிலும் உதட்டிலும்கூட இந்தக் கட்டி ஊன்றும். அப்போது மூக்கில் இரத்தம் வடியும், மூச்சு இரையும்.

இந்தப் புற்று மனிதருக்கோ ஆடு மாடுகளுக்கோ தொற்றாது. பெரும்பாலான நாய்களுக்கு இது முற்றிலும் குணமாகக் கூடியது. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள் இரத்தக்குழாயில் செலுத்தினால் கட்டி கரைந்துவிடுகிறது. ஆனால் இது யாரோ ஒருவர் வாங்கிக் குத்தக்கூடிய மருந்தன்று. இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை அழுகும். கால்நடை மருத்துவரே செலுத்த வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு நாயின் சிறுநீரையும் மலத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் அதைச் சுத்தம் செய்யக்கூடாது. ஒன்றிரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும் போதும் என்று நிறுத்திவிடுவது பெருந்தவறு. மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். அதுவரை நாயை இணை சேர விடக்கூடாது.

மடிக்கட்டி

இரண்டாவது, பெட்டை நாயின் மடியில் வரும் கட்டி. கருத்தடை செய்யாத, வயதான பெட்டைகளிடம் இது மிகுதி. நாய்க்குப் பொதுவாக ஐந்து சோடி மடிகள் உண்டு. பின்னங்காலை ஒட்டிய கடைசி இரண்டு சோடிகளில்தான் கட்டி அதிகம் வருகிறது. தொடக்கத்தில் மிளகு அளவில் தோலுக்கடியில் உருளும். வலி இராது, நாயும் வழக்கம்போல் தின்னும், ஓடும். எனவே கையால் தடவினால் அன்றித் தெரியாது.

மடிக்கட்டிகளில் ஏறக்குறையப் பாதி சாதாரணக் கட்டி. பாதி பரவும் புற்று. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பொதுவாக 3 செ.மீ.க்குள், அதாவது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குள் இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டால் நாய் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு என்று வளர வளர, நுரையீரலுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதைத் தடுக்கவும் வழி உண்டு. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, கருத்தடை செய்யாத பெட்டைக்கு உள்ள ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்திற்கு முன் கருத்தடை செய்த நாய்க்கு அது 0.5 மட்டுமே, முதல் பருவத்திற்குப் பின் செய்தால் 8, இரண்டாம் பருவத்திற்குப் பின் செய்தால் 26. பிற்காலத்தில் இந்த எண்களின் அளவைப் பற்றி விவாதம் எழுந்தாலும், குட்டி தேவையில்லாத பெட்டைக்குக் காலத்தோடு கருத்தடை செய்வது நன்மை என்பதே மருத்துவர்களிடையே பரவலான கருத்து. ஆனால் பெரிய உடலமைப்புள்ள இனங்களில் மிக இளவயதில் செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ரோட்வைலர் இனத்தில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த நாய்களுக்கு எலும்புப் புற்று கூடுதலாக வந்ததாக 2002இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எனவே இராஜபாளையம் போன்ற உயர்ந்த, நீண்ட கால்களை உடைய நாய்க்கு எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

பருவம் வராமல் தடுப்பதற்காகப் போடப்படும் ஹார்மோன் ஊசியும் ஒரு கேடு. அறுவைச் சிகிச்சையைவிட மலிவு என்று இதை நாடுகிறார்கள். இந்த ஊசி மடிக்கட்டிக்கும் கருப்பை நோய்க்கும் இடம் கொடுக்கிறது.

வெள்ளைத் தோலும் நீண்ட காலும்

இராஜபாளையம் நாயின் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. வெயிலைத் தடுக்கும் கருமை அந்தத் தோலில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. குட்டை மயிரும் வெண்மையும் உள்ள நாய்களுக்கு, கடும் வெயிலில் நெடுநாள் கிடப்பதால் மூக்கிலும் காது நுனியிலும் அடிவயிற்றிலும் தோல் புற்று வரக்கூடும். முதலில் தோல் சிவக்கும், பொருக்குத் தட்டும், ஆறாத புண்ணாக நிற்கும். நடுப்பகலில் நாயை வெட்டவெளியில் கட்டிப் போடாமல், ஒரு தென்னங்கீற்றுப் பந்தலாவது அதற்குப் போட்டுத் தருவது விவசாயியின் கடமை.

உயரமான நாய் காயமின்றி நொண்டினால் அதையும் அசட்டை செய்யக்கூடாது. முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோள்மூட்டு அருகே, பின்னங்கால் முழங்கால் அருகே வீக்கம் தோன்றி, இரண்டு வாரம் ஆகியும் நொண்டல் நீங்காவிட்டால் எலும்புப் புற்றா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், சூடு போடுவதும் தீங்கு. புற்று அரித்த எலும்பு அழுத்தத்தில் முறிந்துபோகும்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த நாளை நாயைப் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். நாய்க்குப் பழகியவரே பார்க்க வேண்டும். கடிக்கும் சுபாவம் உள்ளதானால் வாயைக் கட்டிக்கொள்ளவும். வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும்.

1. வாயைத் திறந்து ஈறு, நாக்கு, அண்ணம் பார்க்கவும். தசை வளர்ச்சி, இரத்தக் கசிவு, பொறுக்க முடியாத நாற்றம் உண்டா?

2. மூக்கு, காது நுனி, கண் இமை. ஆறாத பொருக்கு உண்டா? ஒரு நாசியில் மட்டும் இரத்தம் கசிகிறதா?

3. தாடைக்கடி, தோளின் முன்புறம், பின்னங்கால் முழங்காலின் பின்புறம். இந்த இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா? இரண்டு பக்கமும் வலியின்றிப் பெருத்திருந்தால் உடனே காட்டவும்.

4. முதுகிலிருந்து விலா வரை இரு கைகளாலும் தடவவும். இராஜபாளையம் நாயின் மயிர் குட்டையாதலால் சிறு முடிச்சும் கைக்குத் தட்டுப்படும்.

5. நாயை மல்லாத்திப் பத்து மடிகளையும் ஒவ்வொன்றாக விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கவும்.

6. பிறப்புறுப்பு, ஆசனவாய். கடுவனானால் விதைகள் இரண்டும் பையில் இறங்கியிருக்கின்றனவா, ஒன்று மட்டும் பெருத்திருக்கிறதா? வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விதையில் புற்று வரும் ஆபத்து அதிகம்.

7. நடக்கவிட்டுக் கால்களைப் பார்க்கவும். உடம்பு காரணமின்றி இளைத்திருக்கிறதா?

கட்டி தென்பட்டால் அதன் இடத்தையும் அளவையும் தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். மிளகு, கடலை, கொட்டைப்பாக்கு என்று அளவு எழுதினாலே போதும். ஆனால் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கலாம் என மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில அணுக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார். இது எளிய சோதனை; மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

விட்டொழிக்க வேண்டிய எண்ணங்கள்

'கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்' என்பது முதல் எண்ணம். கட்டி பரவுவது காலதாமதத்தால். காலத்தோடு முழுமையாக எடுப்பதால் அன்று. முற்றிய பிறகு அறுத்த நாய்கள் இறந்ததைப் பார்த்தவர்கள் பழியைக் கத்தியின் மேல் போட்டுவிட்டார்கள்.

'ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம்' என்பது இரண்டாவது. இதற்கு ஆதாரம் இல்லை.

'கருத்தடை செய்தால் காவல் காக்காது' என்பது மூன்றாவது. காவல் குணம் இனத்தாலும் பழக்கத்தாலும் வருவது. கருத்தடை செய்த பெட்டை பருவக்காலத்தில் ஊர் சுற்றப் போகாமல் பட்டியிலேயே கிடக்கும். காவலுக்கு அது லாபமே. தீனியின் அளவை மட்டும் சற்றுக் குறைத்து, உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புழு வைத்த கட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பாச்சை உருண்டையைப் பொடித்து அடைப்பதும் நான்காவது. புழு சாகலாம், கட்டி அப்படியே இருக்கும், நாய் அந்த நஞ்சை நக்கி விழுங்கும்.

செய்ய வேண்டியது என்ன?

இவ்வளவையும் விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. கிராமங்களில் நடக்கும் கால்நடை மருத்துவ முகாம்களுக்கு ஆடு, மாடு, கோழி வருகின்றன. நாய் வந்தால் வெறிநாய்த் தடுப்பூசியோடு திருப்பி அனுப்புவது போதாது. ஊசி போடும் அதே நேரத்தில் மடியையும் பிறப்புறுப்பையும் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை முகாமின் வழக்கமாக ஆக்க வேண்டும். அறுவை தேவைப்படும் நாயை எங்கே, எந்த நாளில் கொண்டு வருவது என்பதையும் முகாமிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். திருச்சி வட்டார விவசாயிக்கு 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2012இல் தொடங்கிய ஒரத்தநாடு கல்லூரியும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் அங்கே நாயையும் கொண்டு போகலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இதைச் சொல்வது விரிவாக்கப் பணியாளர்களின் வேலை.

குட்டி விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. இணை சேர்க்குமுன் இரண்டு நாய்களின் பிறப்புறுப்பையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய், தந்தை, அவற்றின் பெற்றோர் எந்த வயதில், எந்த நோயால் இறந்தன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். இளவயதில் புற்று கண்ட வழியில் குட்டி எடுப்பதை நிறுத்த வேண்டும். குட்டி வாங்கப் போகும் விவசாயி மூக்கின் நிறத்தையும் வாலின் வளைவையும் பார்ப்பதோடு நிற்காமல், அந்த நோட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் எழுதுவார்.

நாய் தன் நோயை வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டியோடு அது காவலும் காக்கும், வாலும் ஆட்டும். அதனால்தான் அதன் உடையவர் கை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. வரும் அமாவாசைக்கு விவசாயிகள் தம் நாயின் மடியை ஒருமுறை தடவிப் பார்த்துத் தொடங்கட்டும். மிளகு அளவில் கண்ட கட்டிக்கு வழி உண்டு; தேங்காய் அளவில் கண்ட கட்டிக்கு வருத்தம்தான் மிச்சம்.